ஹாப்ஸ் கொடியவன், லாக் நல்லவன், ரூசோ வெகுளி: இந்தக் கட்டம் எவ்வளவு தூரம் தாங்கும்?

#1 கரிக்கோல்

17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசியல் சிந்தனையாளர்கள் மூவரைப் பற்றி அரசறிவியல் கைடு எதைத் திறந்தாலும் ஒரே கட்டம்தான். ஹாப்ஸ்: மனிதன் இயல்பிலேயே கொடியவன். லாக்: இயல்பிலேயே நல்லவன், பகுத்தறிவுள்ளவன். ரூசோ: ‘உன்னதக் காட்டுமிராண்டி’. மூன்று வரியில் கதை முடிந்தது.

மூலத்தைப் புரட்டினால் மூவருமே கட்டத்துக்குள் உட்கார மறுக்கிறார்கள். தன் லெவியதான் நூலின் 6ஆம் அத்தியாயத்தில் மனித உணர்ச்சிகளைப் பட்டியல் போடும் ஹாப்ஸ், பிறருக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற ஆசையையும் அதில் சேர்த்து, கருணை என்று பெயரும் கொடுக்கிறார். ‘நல்லவன்’ கட்சிக்காரரான லாக், அரசு பற்றிய இரண்டாம் ஆய்வுரையின் 123ஆம் பத்தியில் பெரும்பாலோர் நியாயத்தைக் கறாராகக் கடைப்பிடிப்பவர்கள் இல்லை என்கிறார்.

அப்படியானால் இவர்கள் எங்கேதான் பிரிகிறார்கள்? அத்தியாய எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 சதுக்கபூதம்

லெவியதான் (1651) 13ஆம் அத்தியாயத்தில் ஆரம்பியுங்கள். சில பக்கம்தான். பலரும் கடைசிப் பகுதியை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அரசே இல்லாத ‘இயற்கை நிலை’யில் சண்டை ஏன் வருகிறது என்ற வாதம் இருப்பது தொடக்கத்தில்.

முதல் படி சமத்துவம். எவ்வளவு நோஞ்சானாக இருந்தாலும் பலசாலியைக் கொல்லும் தெம்பு அவனுக்கு உண்டு, சூழ்ச்சியாலோ ஆள் சேர்த்தோ. இரண்டாவது படி, திறமை சமம் என்பதால் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் சமம். ஒரே பொருளுக்கு இருவர் ஆசைப்பட்டு, இருவருக்கும் பங்கு போட முடியாவிட்டால் எதிரிகளாகிறார்கள். மூன்றாவது படிதான் முக்கியம். எதிராளி என்ன செய்வான் என்று தெரியாதபோது, முந்திக்கொண்டு அடிப்பதே நியாயமான தற்காப்பு ஆகிவிடுகிறது.

இதற்கு எல்லோரும் கொடியவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஜெயிப்பதிலேயே சுகம் காணும் சிலர் இருந்தால் போதும். தன் எல்லைக்குள் சும்மா இருந்துவிட்டுப் போகிறேன் என்பவனும், அந்தச் சிலரை முன்னிட்டு, கை ஓங்க வேண்டியதாகிறது. தன் இன்னொரு நூலான டி சிவேயின் முன்னுரையில் ஹாப்ஸ் இதை இன்னும் பச்சையாகச் சொல்கிறார்: கெட்டவர்கள் நல்லவர்களைவிடக் குறைவு என்றே வைத்துக்கொண்டாலும், யார் எவர் என்று பிரித்தறிய வழியில்லாததால் நல்லவனும் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

ஆக, பிரச்சினை குணத்தில் தொடங்கவில்லை, தகவல் இல்லாமையில் தொடங்குகிறது. அதே 13இல் ஒரு சின்ன உதாரணம் வருகிறது. பயணம் கிளம்பும்போது ஆயுதம் எடுத்துக்கொள்கிறாய். தூங்கப் போகும்போது கதவைத் தாழிடுகிறாய். வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாய். சட்டமும் காவலும் இருக்கும்போதே இப்படி. உன் ஊர்க்காரர்களைப் பற்றி, உன் பிள்ளைகளைப் பற்றி, வேலைக்காரர்களைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? நான் சொல்லால் சொல்வதைத்தானே நீ செயலால் சொல்கிறாய் என்கிறார். உடனேயே, இதனால் மனித இயல்பை நான் குற்றம் சாட்டவில்லை, ஆசைகள் தம்மளவில் பாவமில்லை என்றும் சேர்க்கிறார். கைடு போட்டவர் அந்த வரிக்கு முன்பே புத்தகத்தை மூடிவிட்டார் போல.

#3 மூலபாடம்

மேலே சொன்னதோடு மூன்று சொல் பிரச்சினைகள். தமிழில் குழப்பம் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

முதலாவது, சண்டைக்கு ஹாப்ஸ் தரும் மூன்று காரணங்கள்: போட்டி, டிஃபிடன்ஸ் (diffidence), புகழ். நடுவில் உள்ளதை இன்றைய அகராதியைப் பார்த்து ‘கூச்சம்’, ‘தன்னம்பிக்கையின்மை’ என்று பெயர்த்தால் வாக்கியமே கவிழ்ந்துவிடும். கூச்ச சுபாவி ஏன் அண்டை வீட்டானைத் தாக்கப் போகிறான்? 17ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல்லுக்குப் பொருள் பிறர்மேல் உள்ள அவநம்பிக்கை. அதற்குரிய நோக்கம் பாதுகாப்பு என்று அவரே அடுத்த வரியில் சொல்லிவிடுகிறார். போட்டிக்கு லாபம், புகழுக்குப் பெயர். மூன்றில் சதுக்கபூதம் சொன்ன இயந்திரத்தை ஓட்டுவது இந்த நடுச்சொல்தான்.

இரண்டாவது, அந்தப் பிரபலமான ஐந்து பெயரடைகள்: தனிமையானது, வறியது, அருவருப்பானது, விலங்குத்தனமானது, குறுகியது. முதல் இரண்டையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அதைவிட மோசம், எழுவாயை மாற்றிவிடுகிறார்கள். ‘மனிதன் விலங்குத்தனமானவன்’ என்று ஹாப்ஸ் அங்கே எழுதவில்லை. அந்த இயற்கை நிலையில் மனிதனின் வாழ்க்கை அப்படி இருக்கும் என்கிறார். முந்தைய வரிகளில் பயிர்த்தொழில் இல்லை, கடற்பயணம் இல்லை, வசதியான கட்டடம் இல்லை, காலக்கணக்கு இல்லை, எழுத்து இல்லை என்று வரிசையாக இல்லாதவற்றை எண்ணிவிட்டுத்தான் இதற்கு வருகிறார். அது வாழ்க்கைத் தரத்தைப் பற்றிய வாக்கியம்.

மூன்றாவது, ‘மனிதன் மனிதனுக்கு ஓநாய்’. இது லெவியதானில் இல்லை. டி சிவேயின் காணிக்கை மடலில் இருக்கிறது. சொல் ரோம நாடகாசிரியர் பிளாட்டஸிடமிருந்து வந்தது. ஹாப்ஸ் அதைத் தனியாகவும் வைக்கவில்லை. ‘மனிதன் மனிதனுக்குத் தெய்வம்’ என்பதையும் பக்கத்தில் வைத்து இரண்டும் உண்மை என்கிறார். ஒரே அரசின் குடிமக்களை ஒருவருக்கொருவர் ஒப்பிட்டால் தெய்வம், அரசுகளை அரசுகளோடு ஒப்பிட்டால் ஓநாய்.

#4 வெண்கலப்பானை

ரொம்பத்தான் சலவை பண்றீங்க. 14ஆம் அத்தியாயத்தில், மனிதன் விரும்பிச் செய்யும் எந்தச் செயலுக்கும் நோக்கம் தனக்கு ஏதோ ஒரு நன்மை என்று நேராகவே இருக்கு. 11ஆம் அத்தியாயத்தில், சாவில் மட்டுமே ஓயும், அதிகாரத்துக்குப் பின் அதிகாரம் தேடும் தணியாத ஆசை என்று இருக்கு. இதுக்கு மேல சுயநலவாதின்னு எப்படித்தான் சொல்றது?

இன்னொன்று. இதே விஷயத்தை நம்ம பக்கம் மத்ஸ்ய நியாயம்னு எப்பவோ சொல்லிட்டாங்களே. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும், அதனால தண்டம் தூக்குற அரசன் வேணும். அர்த்தசாஸ்திரத்துல இருக்கு. ஹாப்ஸ் புதுசா என்ன சொல்லிட்டார்?

#5 சதுக்கபூதம்

11ஆம் அத்தியாய மேற்கோளை அடுத்த வாக்கியத்தோடு சேர்த்துப் படியுங்கள். ஏன் அந்தத் தணியாத ஆசை? இருப்பதைவிட அதிக இன்பம் வேண்டும் என்பதோ, நடுத்தரமான அதிகாரம் போதவில்லை என்பதோ எப்போதும் காரணமில்லை. நன்றாக வாழ இப்போது கையில் உள்ளதைக் காப்பாற்றிக்கொள்ளவே, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கிறது. மறுபடியும் அதே பாதுகாப்புக் கணக்கு. பேராசையைவிடப் பயத்துக்கு அங்கே வேலை அதிகம்.

14ஆம் அத்தியாய வரி நிஜமான சிக்கல், ஒப்புக்கொள்கிறேன். 6ஆம் அத்தியாயக் கருணையோடு அது எப்படிப் பொருந்தும் என்று அறிஞர்கள் இன்றும் முட்டி மோதுகிறார்கள். ஒரு விடை ஹாப்ஸின் நண்பர் ஆப்ரி அவரைப் பற்றி எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் கிடைக்கிறது. லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் ஒரு முதிய பிச்சைக்காரருக்கு ஹாப்ஸ் காசு போட்டாராம். கிறிஸ்துவின் கட்டளை இல்லாவிட்டாலும் போட்டிருப்பீர்களா என்று பக்கத்திலிருந்த பாதிரியார் கேட்க, போட்டிருப்பேன், அவர் துன்பத்தைப் பார்ப்பது எனக்கு வேதனை, என் காசு அவருக்கு ஆறுதல், அதனால் எனக்கும் ஆறுதல் என்றாராம். தனக்கு நன்மை என்பதும் பிறருக்கு இரங்குவதும் ஒன்றையொன்று அடிக்கவில்லை.

மத்ஸ்ய நியாயம் பற்றி: ஒப்பீடு கவர்ச்சியானது, ஆனால் அடித்தளமே வேறு. மீன் கதையில் ஏற்றத்தாழ்வுதான் நோய். பெரியது தின்னும், சிறியது சாகும். சின்ன மீன் பெரிய மீனைத் தின்னும் ஆபத்து அங்கே இல்லை. ஹாப்ஸிடம் எல்லா மீனும் ஏறக்குறைய ஒரே அளவு, யாரும் யாரையும் கொல்லலாம். அதனால்தான் இயற்கை நிலையில் எந்தப் பலசாலியும் நிம்மதியாகத் தூங்க முடியாது, ஒப்பந்தத்துக்கு எல்லோருமே வருவார்கள். மீன் உலகில் பெரிய மீனுக்கு ஒப்பந்தம் எதற்கு?

#6 ஒற்றைப்பனை

ரூசோ பக்கம் வருகிறேன். ‘உன்னதக் காட்டுமிராண்டி’ என்ற சொற்றொடர் ரூசோவினுடையது இல்லை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில நாடகாசிரியர் டிரைடனிடம் அது இருக்கிறது. ரூசோ தலையில் பின்னால் கட்டினார்கள்.

படிக்க வேண்டியது அவருடைய ஏற்றத்தாழ்வு பற்றிய உரை, 1755, பிரான்சின் டிஜான் அகாடமியின் போட்டிக் கேள்விக்கு எழுதியது. (1750இல் பரிசு வாங்கியவருக்கு இந்த முறை கிடைக்கவில்லை.) பகுத்தறிவுக்கும் முந்திய இரண்டு விசைகளை அங்கே வைக்கிறார்: தன்னைக் காத்துக்கொள்ளும் விருப்பம், பிற உயிர் துன்புறுவதைக் காணச் சகியாத இரக்கம். இவற்றோடு மனிதனுக்கு மட்டும் உரிய ஒன்று, தன்னை மாற்றிக்கொள்ளும் திறன். அந்தத் திறனைத்தான் நம் எல்லாத் துன்பங்களுக்கும் ஊற்று என்று சந்தேகிக்கிறார். வெகுளியான ஆள் எழுதுகிற வரியா இது?

அந்த உரையின் பின்னிணைப்பில் உள்ள 15ஆம் குறிப்பைத் தவற விடாதீர்கள். தன்மீதுள்ள அன்பை இரண்டாகப் பிரிக்கிறார். அமூர் த சுவா: பசித்தால் சாப்பிடு, ஆபத்தென்றால் ஓடு. எல்லா விலங்குக்கும் உண்டு. அமூர் புரோப்ர்: என்னை மற்றவனோடு ஒப்பிட்டு, நான் ஒரு படி மேலே என்று அவனும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற அரிப்பு. இது சமூகத்தில் மட்டுமே பிறக்கும். இரண்டையும் தமிழில் ‘சுயநலம்’ என்று ஒரே சொல்லில் போட்டால் ரூசோவின் பதில் முழுவதும் காணாமல் போய்விடும். முதலாவதைத் தற்காப்பு நாட்டம், இரண்டாவதைத் தன்முனைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஹாப்ஸின் மூன்று காரணங்களில் ‘புகழ்’ இருந்ததல்லவா? அதைத்தான் ரூசோ பிடித்துக்கொள்கிறார். காட்டில் தனியாகத் திரிபவனுக்குப் புகழ் எதற்கு? பார்க்க யார் இருக்கிறார்கள்? சமூகத்தில் விளைந்த உணர்ச்சிகளை இயற்கை மனிதனின் பையில் போட்டுவிட்டு, இதோ அங்கேயே கண்டெடுத்தேன் என்கிறீரே என்பது குற்றச்சாட்டு.

#7 கரிக்கோல்

இது நல்ல பிடி. அப்படியானால் ஹாப்ஸ் சொல்லும், எல்லோருக்கும் எதிராக எல்லோரும் என்ற போரை ரூசோ முழுக்க மறுக்கிறாரா?

#8 ஒற்றைப்பனை

மறுக்கவில்லை, இடம் மாற்றுகிறார். அந்த உரையின் இரண்டாம் பகுதியை வரிசையாகப் பாருங்கள்.

தனித் திரிதல். பிறகு குடிசை, குடும்பம். பிறகு குடிசைகளுக்கு முன்னால், பெரிய மரத்தடியில் கூடி ஆட்டம் பாட்டு. நன்றாக ஆடுபவன், அழகாக இருப்பவன், நன்றாகப் பேசுபவன் மேல் எல்லோர் கண்ணும் போகிறது. ஏற்றத்தாழ்வுக்கு முதல் அடி அதுதான் என்கிறார். ஆனாலும் மொத்தத்தில் மனித குலத்தின் மிக மகிழ்ச்சியான கட்டம் இதுவே. கவனியுங்கள், அவர் ஏங்குவது முதல் கட்டத்துக்கு இல்லை, இந்த நடுக்கட்டத்துக்கு. அதன்பின் உலோகத் தொழிலும் பயிர்த்தொழிலும் வருகின்றன. மனிதனை நாகரிகப்படுத்தி மனித குலத்தைக் கெடுத்தவை இரும்பும் தானியமும் என்கிறார். நிலம் பங்காகிறது, உள்ளவன் இல்லாதவன் பிரிகிறான், கொடூரமான போர்நிலை வெடிக்கிறது.

ஹாப்ஸின் போர் அங்கே வருகிறது. சொத்துக்குப் பின்னால், அரசுக்கு முன்னால். ஹாப்ஸ் தொடக்கம் என்று காட்டிய புள்ளி, ரூசோவிடம் நீண்ட சரித்திரத்தின் கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இந்த வரிசை புரியாமல்தான் ‘காட்டுக்குத் திரும்பு’ என்றார் என எழுதுகிறார்கள். அந்தக் கிண்டலைத் தொடங்கி வைத்தவர்களில் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரும் ஒருவர். உங்கள் புத்தகத்தைப் படித்தால் நாலு காலில் நடக்கத் தோன்றுகிறது என்று 1755 ஆகஸ்ட் 30 கடிதத்தில் எழுதினார். ரூசோவின் 9ஆம் குறிப்பு, நாம் என்ன காட்டுக்குப் போய்க் கரடிகளோடு வாழ வேண்டுமா என்று தானே கேட்டு, என் எதிரிகள் இப்படித்தான் முடிவு கட்டுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

#9 மூலபாடம்

லாக்கை யாரும் தொடவில்லை. அவர்தான் இந்தக் கட்டத்தில் அதிகம் அடிபட்டவர்.

முதலில் ஒரு தவறான எண்ணம்: லாக் ஹாப்ஸுக்குப் பதில் எழுதினார் என்பது. அவர் பெயர் சொல்லி மோதுவது ஃபில்மரோடு. ஆதாமிலிருந்து அரச உரிமை வந்தது என்று வாதிட்ட ஃபில்மரின் நூல், அவர் இறந்து பல ஆண்டு கழித்து 1680இல் அச்சானது. லாக்கின் முதல் ஆய்வுரை முழுவதும் அதற்கு மறுப்பு. இரண்டு ஆய்வுரைகளும் பெயர் போடாமல் 1689இல் வெளிவந்தன. தலைப்புப் பக்கத்தில் 1690 என்றிருக்கும், அதனால் இரண்டு ஆண்டையும் பார்க்கலாம்.

இரண்டாம் ஆய்வுரையின் 19ஆம் பத்தி இயற்கை நிலை வேறு, போர் நிலை வேறு என்று கோடு போடுகிறது. ஒன்றில் அமைதி, நல்லெண்ணம், பரஸ்பர உதவி. மற்றதில் பகை, வன்முறை. கைடு இங்கேயே நின்றுவிடுகிறது. 123க்கு வந்தால் அதே இயற்கை நிலை அச்சமும் இடைவிடாத ஆபத்தும் நிறைந்தது என்று இருக்கிறது. முரண்பாடா? 13ஆம் பத்தியில் விடை இருக்கிறது. இயற்கைச் சட்டத்தை மீறியவனைத் தண்டிக்கும் உரிமை அங்கே ஒவ்வொருவருக்கும் உண்டு. தன் வழக்கில் தானே நீதிபதி. தனக்கும் தன் நண்பர்களுக்கும் சாய்வான், கோபமும் பழியுணர்வும் தண்டனையை மிஞ்ச வைக்கும். இது லாக்கே ஒப்புக்கொள்ளும் ஆட்சேபம்.

ஆகவே 124 முதல் 126 வரை குறைகளை எண்ணுகிறார், மூன்றே மூன்று: எல்லோரும் அறிந்த நிலையான சட்டம் இல்லை, பாரபட்சமற்ற நீதிபதி இல்லை, தீர்ப்பை நிறைவேற்றும் பலம் இல்லை. பஞ்சாயத்து இல்லாத ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் எல்லோரும் அயோக்கியர்களாக இருக்க வேண்டியதில்லை, அவரவர் தன் தகராறில் நடுநிலையாக இருக்க முடியாதவர்களாக இருந்தாலே போதும்.

‘நல்லவன்’ என்ற முத்திரைக்கு இன்னொரு அடி. குழந்தை வளர்ப்பு பற்றி 1693இல் எழுதியபோது, குழந்தைகளுக்குச் சுதந்திரத்தைவிடவும் அதிகாரத்தின் மேல் ஆசை அதிகம் என்கிறார். பேச்சு வருவதற்கு முன்பே தன் விருப்பம் நடக்க வேண்டும் என்று அழுவதைக் காட்டுகிறார். அதே நூலின் தொடக்கத்தில், நாம் பார்க்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் நல்லவரோ கெட்டவரோ ஆவது வளர்ப்பால் என்று ஒரு கணக்கு. இயல்பில் நல்லவன் என்று நம்புகிறவர் அந்த ஒன்பதை வளர்ப்பின் கணக்கில் எழுத மாட்டார்.

#10 வெண்கலப்பானை

சரி, ஹாப்ஸ் விஷயத்துல பாதி இறங்கி வர்றேன். ஆனா உங்க எல்லார் பேச்சுலயும் ஒரு ஓட்டை இருக்கு. மனிதன் இப்படி இருக்கான்னு சொல்றதும், இப்படி இருக்கான்னு வச்சுக்கிட்டு சட்டம் போடுன்னு சொல்றதும் ரெண்டு வேற. இத்தாலியச் சிந்தனையாளர் மாக்கியவெல்லில இருந்து இந்தக் குழப்பம்.

அவரோட ‘இளவரசன்’ நூல் 17ஆம் அத்தியாயத்துல மனிதர்கள் நன்றி கெட்டவங்க, நிலையில்லாதவங்க, அப்பன் செத்ததைக்கூட மறப்பான், சொத்து போனதை மறக்கமாட்டான்னு வரும். எல்லாரும் அதோட நிறுத்திடறாங்க. அவரோட இன்னொரு நூல், ரோம வரலாற்றாசிரியர் லிவியைப் பற்றிய உரைகள், முதல் புத்தகம் 3ஆம் அத்தியாயத்துல வார்த்தையைப் பாருங்க: குடியரசு அமைச்சுச் சட்டம் போடறவன் எல்லாரும் கெட்டவங்கன்னு முன்கூட்டி வச்சுக்கணும். அதே புத்தகம் 58ல, இளவரசனைவிட மக்கள் கூட்டம் அறிவும் நிதானமும் உள்ளதுன்னு எழுதறார். கெட்டவங்கன்னு நிஜமாவே நம்பற ஆள் இதை எழுதுவாரா?

இதை வெளிப்படையா உடைச்சவர் 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம். 1741ல வந்த பார்லிமென்ட் சுதந்திரம் பற்றிய கட்டுரையில, அரசமைப்பு வகுக்கும்போது ஒவ்வொருத்தனையும் அயோக்கியன்னு வச்சுக்கணும்கிறது சரியான விதிதான், ஆனா நடப்புல அது பொய். நடப்புல பொய்யானது அரசியல்ல மட்டும் எப்படி உண்மையாகுதுன்னு அவரே ஆச்சரியப்படறார். காரணமும் சொல்றார். தனியா இருக்கும்போது மானத்துக்குப் பயந்து ஒழுங்கா இருக்கறவன், கட்சின்னு வந்துட்டா, தன் ஆட்கள் கைதட்டுவாங்கன்னு தெரிஞ்சு துணிஞ்சு செய்வான். வெட்கம்ங்கிற கடிவாளம் கூட்டத்துல அவிழ்ந்துடுது.

#11 சதுக்கபூதம்

#10 இந்த இழையின் சிறந்த பதிவு. வெண்கலப்பானை ஓசை எழுப்பியதற்குப் பலன் உண்டு.

ஹியூமில் இன்னொரு இடமும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மனித இயல்பு பற்றிய பெருநூலின் (1739-40) மூன்றாம் புத்தகம், இரண்டாம் பகுதி, இரண்டாம் பிரிவு. தன்னைவிட வேறொருவரை அதிகம் நேசிப்பவன் அபூர்வம். ஆனால் பிறர்மேல் உள்ள எல்லா அன்பையும் ஒன்றாகக் கூட்டினால் சுயநலத்தை மிஞ்சாதவனும் அபூர்வம். சிக்கல், அந்த அன்பு சொந்தபந்தத்தைத் தாண்டிப் போகாது. அத்தோடு பொருள்களும் போதாது. இந்த இரண்டும் சேரும்போதுதான் ‘என்னது, உன்னது’ என்ற நீதி தேவைப்படுகிறது. காற்றுக்கு யாரும் பட்டா கேட்பதில்லை. இரண்டில் எதை மாற்றினாலும் நீதிக்கு வேலை இல்லை. ஹாப்ஸுக்கும் ரூசோவுக்கும் நடுவில் இப்படி ஒரு சிக்கனமான வழி இருந்ததை நம் பாடத்திட்டங்கள் கண்டுகொள்வதில்லை.

படிக்கும் வரிசை: லெவியதான் 13, பிறகு பின்னோக்கி 11, 6, பிறகு 14, 15, 17. மொத்தம் 47 அத்தியாயம், முதல் தடவையே முதலிலிருந்து போனால் புலன், கற்பனை, பேச்சு என்று நாலைந்து அத்தியாயத்திலேயே களைத்துவிடுவீர்கள். 17இல் எறும்பும் தேனீயும் சேர்ந்து வாழ்கின்றனவே, மனிதனால் ஏன் முடியாது என்று ஆறு காரணம் சொல்வார், அது அருமை. அடுத்து லாக் 4-21, 123-131. அடுத்து ரூசோ, 9ஆம், 15ஆம் குறிப்புகளோடு. ஹியூமின் அந்தப் பிரிவு கடைசியாக. சொத்து பற்றிய லாக்கின் 25-51ஐ ரூசோவுக்குப் பிறகு படியுங்கள், பணம் வந்ததும் என்ன ஆகிறது என்ற இடம் அப்போதுதான் கண்ணில் குத்தும்.

#12 கரிக்கோல்

எல்லோருக்கும் நன்றி. கட்டத்தைத் தூக்கி எறியாமல் தலைப்புகளை மாற்றிப் பார்த்தேன். நல்லவனா கெட்டவனா என்ற பத்தியை எடுத்துவிட்டு, ‘சண்டை எதனால்’, ‘தீர்வு எது’ என்று போட்டேன்.

ஹாப்ஸ்: யாரை நம்புவது என்று தெரியாததால் / எல்லோரையும் அடக்கும் ஒரே அதிகாரம்.
லாக்: தன் வழக்கில் தானே நீதிபதி என்பதால் / பொதுவான நீதிபதி.
ரூசோ: ஒப்பீடும் சொத்தும் வந்ததால் / சமூக ஒப்பந்தம்.
ஹியூம்: குறுகிய அன்பு, போதாத பொருள் / படிப்படியாக வளரும் வழக்கம்.

தேறுமா?

#13 ஒற்றைப்பனை

மூன்றாவது வரியில் ஒரு திருத்தம். 1755 உரையில் ஒப்பந்தம் தீர்வு இல்லை, மோசடி. போரால் அதிகம் இழக்கப்போகும் பணக்காரன், எளியவரைக் காப்போம், அவரவர் உடைமையை உறுதி செய்வோம், வாருங்கள் சேருவோம் என்று இனிக்கப் பேசுகிறான். சுதந்திரம் கிடைக்கும் என்று நம்பி எல்லோரும் தங்கள் விலங்கை நோக்கி ஓடுகிறார்கள். நீங்கள் குறிப்பிடும் ஒப்பந்தம் 1762ஆம் ஆண்டு நூலில் வருவது. அது நடந்ததைச் சொல்லவில்லை, எப்படி நடந்தால் நியாயமாகும் என்று கேட்கிறது. ஒரே கட்டத்தில் இரண்டையும் போடுவதானால் ஆண்டைக் குறித்து இரண்டு வரியாகப் பிரித்துவிடுங்கள்.